முழம் தொட்ட கயிறு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கயிறு பிடித்து நின்றார்கள். கயிறிழுக்கும் போட்டி அல்ல, கணக்குப் பாடம்.

சிங்கம்புணரிச் சாலையில் ஊருணிக்கரையை ஒட்டி நின்ற அந்த உயர்நிலைப் பள்ளிக்குக் காரைக்குடியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிறவள் கணித ஆசிரியை தேவிகா. வரைபடம் என்னும் பாடத்தை அவள் கரும்பலகையில் தொடங்கவில்லை. ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளைக் கேட்டு வாங்கித் திடல் முழுதும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் இட்டாள். கீழ்விளிம்பில் நாள்கள், பக்கவிளிம்பில் அளவு. வீட்டில் நாளுக்கு நாள் மாறுகிற ஏதேனும் ஒன்றைப் பிள்ளைகள் அளந்துகொண்டு வரவேண்டும். இன்ன பொருள் என்று வாய்திறக்கக் கூடாது. அளந்தவர் அளவை மட்டும் கூற, தோழர்கள் அந்தந்தக் கட்டத்தில் புள்ளிகளாக நின்று ஒரே கயிற்றைப் பிடிப்பார்கள். கயிறு கொள்ளும் உருவத்தைப் பார்த்து, அது எதன் கதை என்று மற்றவர்கள் சொல்லவேண்டும்.

அவள் விதித்த விதி ஒன்றே.

"கண்ணால பாத்து, கையால அளந்ததுக்குத்தான் கயிறு. மனசுல தோணுனதுக்கெல்லாம் கயிறு கிடையாது. வெளங்குச்சா?"

முதலில் ஆகாஷ் வந்தான். அவன் சொன்ன அளவுகளின்படி கயிறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சரிந்தது, ஏறியது, மறுபடியும் சரிந்தது. ஓரிடத்தில் கீழ்விளிம்புக் கோட்டையே தொட்டுக் கிடந்தது. அந்தப் புள்ளியாக வாய்த்த கருத்தையா, இதுதான் சமயம் என்று உட்கார்ந்தே விட்டான்.

"அவுக வீட்டு ஆட்டோ பெட்ரோலு டீச்சர்!"

"இல்ல டீச்சர், செல்போன் சார்ஜு. காலையில எந்திரிச்சதும் பாத்திருப்பான். அவுக அண்ணன் ராத்திரி பூராம் கேம் வெளையாடுவாக."

"அப்ப கருத்தையா ஏன்டா உக்காந்திருக்கான்?"

"அன்னைக்கு ஊருக்கே கரண்டு இல்லடி. அவன் என்ன பண்ணுவான், செத்துப் போயிட்டான்."

செத்துப்போன கருத்தையா எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டான்.

அடுத்து மருதுபாண்டி வீட்டு மாடித்தொட்டித் தண்ணீர். சீராக இறங்கிக்கொண்டிருந்த கயிறு ஒரு நாளில் கிணற்றுக்குள் விழுந்தாற்போல் விழுந்தது. அந்த வீட்டுக்கு அன்று விருந்தாளி வந்திருக்கவேண்டும் என்று தண்ணீரின் பெயரைச் சொல்லும் முன்பே பெண்பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். "எங்க மாமா வந்தாக," என்று மருதுபாண்டி ஒப்புக்கொண்டான். ஒரு மாமாவா, ஒரு யானையா என்று வகுப்பு வழக்காடியது. தேவிகா இடைமறிக்கவில்லை. ஒரு கோட்டின் சாய்வைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு வீட்டின் ஒரு நாளைப் படித்துவிட்டார்கள். நேற்றுவரை கோடு என்றால் அடிக்கோலின் விளிம்பு என்றிருந்தவர்கள் அவர்கள்.

பிறகு கீர்த்தி வந்தாள்.

வகுப்பில் அதிகம் பேசாத பெண். கேட்டால் விடை சொல்வாள். கேட்காவிட்டால் அந்த விடையைப் புன்னகையாக வைத்துக்கொண்டிருப்பாள். சென்ற ஆண்டு டெங்குக் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். அதன் மெலிவு இன்னும் தோள்களில் இருந்தது.

"டீச்சர், எனக்கு சென்டிமீட்டர்ல வரல. விரற்கடையில இருக்கு."

"விரற்கடையும் அளவுதான். கோயில் கட்டுனவுகல்லாம் அடிக்கோலா வச்சிருந்தாக? பன்னண்டு விரற்கடை ஒரு சாணு. ரெண்டு சாணு ஒரு முழம். சொல்லு."

கீர்த்தி சொல்லத் தொடங்கினாள். தொடக்கப் புள்ளிகள் ஏறவேயில்லை, கீழ்விளிம்பிலேயே நின்றன. அதன்பின் ஒன்றரை விரற்கடை. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஆறு. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு முழம்.

ஈற்றுப் புள்ளியாக நின்றவன் மருதுபாண்டி. "பின்னால போ, இன்னும் பின்னால போ" என்று எல்லாரும் அவனைத் தள்ளினார்கள். சுண்ணாம்புக் கட்டங்கள் தீர்ந்துபோயின.

"டீச்சர், நான் சைக்கிள் செட்டுக்கு வந்துட்டேன்! கணக்கு இன்னும் இருக்கா, இல்ல அப்படியே வீட்டுக்குப் போயிரவா?"

சிரிப்பு அடங்கியபின் எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள். படுத்திருந்த நாகம் மெல்ல நெளிந்து, தலை தூக்கி, படம் எடுத்து நின்றாற்போல் அது நின்றது. எங்கும் ஒரு முடக்கு இல்லை. முந்தையவற்றில் இருந்த மேடுபள்ளம் ஒன்றுகூட இல்லை. தேவிகாவுக்கு மெய் சிலிர்த்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் இருமடங்கு! இருமடங்காகும் பெருக்கத்தை அவள் எத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! கண்முன் அது எழுந்து நின்றதில்லை. சீர் பிறழாமல் அடியின்மேல் அடியாக ஏறும் நல்ல செய்யுளைக் கேட்டவள்போல் கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள்.

"எம்புட்டு அழகு பாருங்க. கீர்த்தி, அருமைடா தங்கம். சரி, இது என்ன? யாரு சொல்லுவீக?"

யாராலும் முடியவில்லை. கீர்த்தியின் முகம் மட்டும் மலர்ந்தும் கூம்பியும் நின்றது. அப்போது கயிற்றின் நடுப்புள்ளியாக நின்ற முத்தழகு கண்களை மூடிக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தாள்.

"மொதல்ல மண்ணுக்குள்ள இருக்கு. அப்புறம் விரலு. அப்புறம் சாணு, முழம்..." சட்டென்று கண்களைத் திறந்தாள். "முளைப்பாரி! டீச்சர், முளைப்பாரி!"

வென்ற களிப்பில் அவள் கயிற்றை விட்டுவிட்டுக் குதித்தாள். ஒருவரும் கைதட்டவில்லை. மறுகணம் முத்தழகே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊரில் அப்போது ஆவணித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்று நேர்ந்துகொண்ட வீட்டுப் பெண்கள் மண்சட்டிகளில் வைக்கோலும் எருவும் இட்டு, தட்டைப்பயறும் மொச்சையும் பாசிப்பயறும் கலந்து தூவி, எல்லாவற்றையும் ஒரே வீட்டில் கொண்டு சேர்த்திருந்தார்கள். அது பாரி வீடு. கதிரவன் ஒளி புகாத அந்த அறைக்குள் நோன்பிருக்கும் ஒருத்தி மட்டுமே சென்று நீர் வார்ப்பாள். மற்றவர் எவரும் எட்டிப் பார்க்கலாகாது. மாலைதோறும் பெண்கள் வாசலில் கும்மியடிப்பதோடு சரி. திருவிழா நாளில்தான் பாரி வெளியே வரும். தலையில் ஏறி அம்மன் சந்நிதிக்குப் போகும். பின் ஊருணியில் கரையும்.

வளர்வதை அளந்தால் வளர்ச்சி நின்றுபோகும் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. பெற்ற பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடிட்டுக் குறிக்கவும் ஒப்பாதவர்கள். அம்மனுக்கென்று வளரும் பயிரை ஒருத்தி விரலிட்டு அளந்தாள் என்றால்?

"அளந்தியாடி?" என்று முத்தழகு அழாக்குறையாகக் கேட்டாள்.

கீர்த்தி ஆசிரியையைப் பார்த்தாள். கண்ணால் பார்த்து, கையால் அளந்ததற்குத்தான் கயிறு. அவள் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மணி அடித்தது.

மறுநாள் காலை பள்ளி வாயிலில் கீர்த்தியின் தாய் மலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கீர்த்தி, சீருடையில் இருந்தாலும் பள்ளிக்கு வந்தவள்போல் இல்லை.

"டீச்சர், ஒங்களைக் கொற சொல்ல வரல. நீங்க பிள்ளைகளுக்குப் படிப்புத்தான் சொல்லிக் குடுத்தீக. ஆனா எங்க மதினி, பாரி வீட்டுக்காரவுக, இவ பாரி எடுக்கக் கூடாதுன்னுட்டாக."

மதினி என்றது மலையம்மாளின் கணவனுக்கு அக்காளான கருப்பியை. இவ்வாண்டு பாரி வீடு அவளுடையது, நோன்பும் அவளுடையது.

"போன வருசம் இவ ஆசுபத்திரியில கெடந்தப்ப, பிழைச்சு எந்திரிச்சா இவ தலையிலயே பாரி எடுத்து வைக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன் டீச்சர். இப்ப எடுக்கலைன்னா எனக்கு ஒறக்கம் வருமா? நாளைக்கழிச்சுத் திருவிழா." மலையம்மாளின் குரல் உடைந்தது. "உள்ள எப்பம்மா போன, எப்படிப் போனன்னு ராத்திரி பூராம் கேட்டுட்டேன். வாயைத் தொறக்க மாட்டேங்குறா. கல்லுப் பிள்ளையாரு மாதிரி இருக்கா."

தேவிகா கீர்த்தியை மரத்தடிக்கு அழைத்துச் சென்றாள். தோளில் கைவைத்து மெல்லக் கேட்டாள்.

"பயப்படாத. நீ அளந்தது தப்புன்னா, அளக்கச் சொன்ன நான்தான் தப்பு. உள்ள போனியா?"

கண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. தேவிகாவும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்தக் கயிற்றைக் கண்டு தான் அடைந்த மகிழ்ச்சி இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு தாயின் நேர்த்திக்கடன் தன் கணக்குப் பாடத்தால் தடைப்பட்டு நிற்கிறது. மறுநாள் தானே அந்த ஊருக்குள் போய்க் கருப்பியின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தாள்.

மாலையில் காரைக்குடி வீட்டில் அவள் கணவன் ஈஸ்வரன் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வில்லையை அரியும்போதும் எழுகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான். தமிழாசிரியன், அந்திவேளையில் கோயிலில் பதிகம் பாடுகிறவன். அவள் சொன்னதையெல்லாம் விரலிலிருந்து நாரை உருவாமலே கேட்டான்.

"அந்தப் பொண்ணு அளந்திருப்பான்னு நீ நம்புறியா?"

"முத நாள்ல நம்பினேன். இப்ப நெனச்சுப் பாத்தா இடிக்குதுங்க. ஆகாஷ் கயிறு கோணலு, மருதுபாண்டி கயிறு கோணலு. உசுரோட இருக்கிற எதை அளந்தாலும் ஒரு நாளு கொஞ்சம் கூட வரும், ஒரு நாளு கொறைய வரும். ஒரு நாளு மழை, ஒரு நாளு வெயிலு. ஆனா இவளுது ஒண்ணரை, மூணு, ஆறு, பன்னண்டு, இருவத்துநாலு. நூல் பிடிச்ச மாதிரி. எந்தச் செடி இப்படி வளரும்?"

ஈஸ்வரன் அந்த எண்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு தொடையில் தாளமிட்டபடி மறுமுறை சொன்னான். மூன்றாம் முறை அது ஏறத்தாழ ஒரு மெட்டாகிவிட்டது.

"செடி வளராது தேவிகா. பாட்டு வளரும்."

"என்ன சொல்றீக?"

"இப்படிப் பிசகாம ஏறுறது ஒலகத்துலயே பாட்டு ஒண்ணுதான். அவுக வாசல்ல அந்தியானா என்ன பாடுறாகன்னு கேட்டியா நீ?"

"கணக்கு டீச்சரு நானா, நீங்களா?"

"நான் தாளம் போடுறவன். ஒரு வகையில ஒனக்குப் பங்காளி. இந்தா, இந்த நாரை விரல்லருந்து எடுத்து விடு, சிக்கிருச்சு."

மறுநாள் பள்ளி விட்டதும் அவள் மலையம்மாளையும் கீர்த்தியையும் அழைத்துக்கொண்டு பாரி வீட்டுக்குப் போனாள். வாசல் தெளித்து, வேப்பங்கொத்துச் செருகியிருந்தது. உட்கதவு சாத்தியிருந்தது. கும்மிக்கு வந்த பெண்கள் சிலர் கூந்தல் முடிந்துகொண்டிருந்தார்கள். நனைந்த தலையும் மஞ்சள் சேலையுமாக எழுந்து வந்தாள் கருப்பி. ஐம்பது வயதிருக்கும். நோன்பினால் கன்னம் ஒட்டியிருந்தது.

"வாங்க டீச்சர். இங்குட்டு உக்காருங்க. ஆனா என்ன சொன்னாலும் நடக்காது, முன்னாடியே சொல்லிப்புட்டேன். அவ எந்தம்பி மக. தூக்கி வளத்தவ நான். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாரிய அளந்தவ கையில பாரியக் குடுத்தா ஊரு என்னைய என்ன கேக்கும்?"

"நியாயந்தான்க்கா. நான் ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அந்தியில நீங்க பாடுறீகளே, பயறு வளர்ற பாட்டு, அதை ஒருதரம் பாடுவீகளா?"

"இது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லக்கா. ஒரே ஒரு தரம்."

கருப்பி வியப்போடும் எரிச்சலோடும் பெண்களைப் பார்த்தாள். கும்மிக்கு வந்தவர்களிடம் பாட்டைக் கேட்டால் மறுக்க இயலுமா? ஒருத்தி கை கொட்டினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

மண்ணுக்குள்ள தூங்குதடி மாரியாத்தா பயறு - அதை
எண்ணி எண்ணிக் கேக்காதீக எந்திரிக்கும் நேரம்!
ஒண்ணரை விரல் எந்திரிச்சு ஊரைப் பாக்குதாமே - அது
மூணு விரல் நிமிர்ந்து நின்னு முகங்கழுவு தாமே!
ஆறு விரல் ஆன பின்னே ஆடக் கத்துக்கிட்டு - மறு
நாளு ஒரு சாணெடுத்து நம்மைத் தேடுதாமே!
முழம் வளர்ந்து வாசல் வந்து முகங்காட்டு தாமே!

பாட்டு முடியும் முன்பே மலையம்மாள் மகளின் பக்கம் திரும்பிவிட்டாள். கீர்த்தி தாயின் முந்தானையில் முகம் புதைத்தாள். நேற்றும் அதற்கு முந்தைய நாளும் வராத சொல் அப்போது வந்தது.

"நான் உள்ள போகல டீச்சர். சத்தியமா எட்டிக்கூடப் பாக்கல. பாட்டுல வர்ற அளவைக் கட்டத்துல வச்சுப் பாத்தேன். அப்படியே வளைஞ்சு வளைஞ்சு மேல போச்சு. அம்புட்டு அழகா இருந்துச்சு. ஒங்ககிட்டக் காட்டணும்னு ஆசையா இருந்துச்சு."

"அப்ப ஏண்டி சொல்லல?" என்றாள் மலையம்மாள்.

"அளந்ததுக்குத்தான் கயிறுன்னு டீச்சர் சொன்னாக. நான் அளக்கல. எல்லாரு முன்னாடியும் தங்கம்னு சொன்னாக. அப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

அம்மனின் கோபத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்வேன், ஆசிரியையின் ஒரு சொல்லை இழக்கமாட்டேன் என்று ஒரு குழந்தை தனியே துணிந்திருக்கிறது. தேவிகா கீர்த்தியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். "அடி கூறுகெட்டவளே, நம்ம கும்மிப்பாட்டைப் போயி கணக்குன்னு சொல்லிருக்கா பாரு." பதற்றம் தணிந்தது. ஆனால் கருப்பி சிரிக்கவில்லை.

"கடைசியா எம்புட்டுன்னு சொன்ன?"

"ஒரு முழம், அயித்தை."

"இன்னைக்கு வரைக்குமா?"

"பாட்டுல அப்படித்தானே வருது."

கருப்பி திரும்பிச் சாத்திய கதவைப் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பிள்ளை பாட்டைத்தான் சொன்னாள் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டபின் மேலே சொல்லவேண்டுவது ஒன்றும் இல்லை. இல்லையென்றால், அளந்ததாகச் சொன்ன வாயே குற்றம் என்று இன்னும் சாதித்திருக்கலாம். மறுத்துப் பேச அங்கே எவரும் இல்லை. அறைக்குள் இருப்பதைக் கண்டவள் அவள் ஒருத்திதானே. படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"உள்ள முழமும் இல்ல, ஒண்ணும் இல்லத்தா. சாணைக்கூடத் தொடல."

சிரிப்பு நின்றது.

"இந்த வருசம் என்னமோ எந்திரிக்கவே மாட்டேங்குது. குளுந்த காத்தோ, வெதை சொத்தையோ, எனக்குத் தெரியல. நெதம் தண்ணி ஊத்துறப்ப நெஞ்சு அடிச்சுக்கிரும். என் நோன்புலதான் கொறைன்னு ஊரு சொல்லுமேன்னு. அப்பத்தான் முத்தழகோட அம்மா வந்து, ஓந்தம்பி மக அளந்துட்டாளாம்னு சொன்னா." கருப்பி தேவிகாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாடான்னு இருந்துச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். பாரி ஏன் வளரலைன்னு யாரு கேட்டாலும் சொல்றதுக்கு ஒரு பேரு கெடச்சிருச்சுன்னு."

கீர்த்தி அத்தையின் அருகில் போய் உட்கார்ந்தாள். கருப்பி அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஈரக்கூந்தல் பிள்ளையின் நெற்றியில் சொட்டியது.

"நாளைக்கு எந்தலையில விழுகுற பழி எந்தலையிலயே கெடக்கட்டும். எந்தம்பி மக பாரி எடுப்பா. என்னத்தா, யாரும் ஏதும் சொல்றீகளா?"

முதலில் கைகொட்டியவளே சொன்னாள்: "சாணுன்னாலும் ஆத்தா குடுத்த சாணுதான் மதினி. எந்திரிங்க, கும்மிக்கு நேரமாச்சு."

திருவிழா அன்று தேவிகா ஈஸ்வரனையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தி மங்கும் வேளையில் கதவு திறந்தது. மேளம் முழங்க, குலவை எழ, ஒவ்வொரு சட்டியாக வெளியே வந்து ஒவ்வொரு தலையில் ஏறியது. வெயில் காணாத பயிர், இளமஞ்சள் நிறம். வேற்றூருக்கு மணமாகிப்போய்த் திருவிழாவுக்கு வந்திருந்த பெண்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போன வருசம் எம்புட்டு ஒசரம், இது என்ன இப்படி, என்று ஒரு முணுமுணுப்பு ஊர்ந்தது. கருப்பி அதைக் கேட்டாள். கேட்டபடியே அடுத்த சட்டியைத் தூக்கி அடுத்த தலையில் வைத்தாள். கீர்த்தியின் முறை வந்தபோது சும்மாட்டைத் தானே சுற்றி வைத்து, சட்டியின்மேல் இரு கைகளையும் கொஞ்சநேரம் வைத்திருந்து, பின் எடுத்தாள். மலையம்மாள் கண்களை மூடிக் கும்பிட்டாள்.

ஊர்வலம் நகர்ந்தது. பெண்கள் பாடினார்கள். அதே பாட்டு. தலைமேல் அரையும் குறையுமாக அசைந்துகொண்டிருந்த பயிரின் கீழே, முழம் வளர்ந்து வாசல் வந்து முகங்காட்டுதாமே என்று குரல் குறையாமல் பாடினார்கள். ஒருத்தியும் அந்த அடியை விழுங்கவில்லை. ஒரு விரலைக்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. தேவிகாவுக்கு முதலில் அது வியப்பாக இருந்தது. பிறகு புரிந்தது. தெய்வத்தின் முன் பாடும் பாட்டு கண்டதை அளந்து கூறுவதன்று. ஆகவேண்டியதை ஆகிவிட்டதாகவே வைத்துத் தெய்வத்தின் கையில் கொடுப்பது. தன் கணவன் அந்திதோறும் பாடும் பதிகங்களும், வினை தீர்ந்தது, இடர் கெட்டது என்று முடிந்த செயலாகவே சொல்வதை அவள் நினைத்தாள். பாடிவிட்டு வந்து அவனும் மறுநாள் அதே இடர்களோடுதான் எழுகிறான். திடலில் தான் கண்டு மெய்சிலிர்த்தது பயிரின் கோடு அல்ல. இந்த ஊர் தன் பயிர் எப்படி வளரவேண்டுமென்று ஆண்டாண்டாகக் கேட்டுவந்ததன் கோடு அது.

"என்ன யோசனை?" என்றான் ஈஸ்வரன்.

"அந்தக் கயிறு தப்பில்லைங்க. அதுக்கு நான் போட்ட விதிதான் பத்தல."

சந்நிதியில் பூசை முடிந்து எல்லாரும் ஊருணிக்கரைக்கு வந்தார்கள். பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு படியிறங்கினார்கள். எட்டாம் வகுப்பில் பாதி கரையில் நின்றது. "கீர்த்தி, சறுக்கிறாத, ஊருணி மூணு மாமா ஆழம்!" என்று ஆகாஷ் கத்த, மருதுபாண்டி அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

முழங்கால் நீரில் நின்ற கீர்த்தியின் தலையிலிருந்து சட்டியை இறக்கினாள் கருப்பி. நீரில் விடாமல் கையிலேயே ஏந்திக்கொண்டாள்.

"அளக்கணும்னா இப்ப அளந்துக்கடி. ஆத்தா பாத்தாச்சு. இனிமே தண்ணிக்குப் போகுறது. இதுல யாரு கண்ணும் ஒண்ணும் பண்ணாது."

கீர்த்தி தயங்கினாள். கரையில் நின்ற ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். பின் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, நடுவில் நின்ற ஒரு பயிரின் அடியில் விரல்களைச் சேர்த்து வைத்தாள். அவற்றின்மேல் மற்றொரு கையின் விரல்கள். அதன்மேல் மீண்டும் இரண்டே விரல்கள். உதடுகள் அசைந்தன.

"சாணுக்கு ரெண்டு விரற்கடை கொறச்சல், அயித்தை," என்று மெல்லச் சொன்னாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதுமா? ஒங்க டீச்சர் அங்குட்டு நிக்கிறாக. கேக்குற மாதிரிச் சொல்லு."

கீர்த்தி நிமிர்ந்து கரை முழுதும் கேட்கும்படி சொன்னாள்: "பத்து விரற்கடை, டீச்சர்!"

ஊர் அதைக் கேட்டது. பிறகு படியில் நின்ற பெண்களிடமிருந்து குலவை எழுந்தது. முழம் வளர்ந்த ஆண்டுகளில் எழுந்ததற்கு அது குறைவாக இல்லை. கருப்பி ஒரு பக்கமும் கீர்த்தி ஒரு பக்கமுமாகச் சட்டியைப் பிடித்து நீரில் சாய்த்தார்கள். மண் கரைந்து கலங்கி இறங்கியது. வேரோடு வேர் பின்னியிருந்த பயிர் மட்டும் கலையாமல், நிமிர்ந்த வாக்கிலேயே சிறிது தூரம் மிதந்து சென்றது.